வீல்பேஸ் மாற்றினால் கூண்டு முழுவதும் சிதறுகிறது: ஸ்கெலிட்டன் வைத்து மறுபடி ஆரம்பிக்கலாமா?

கரூர்க்கூண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் டிசைன் பார்க்கிறேன். நாங்கள் நாலு பேர், முப்பரிமாண மாடல் வரையும் மென்பொருள் க்ரியோ. போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

இதுவரை 210 அங்குல வீல்பேஸ் (முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள தூரம்) கொண்ட சேசிக்கு, அதாவது 5334 மி.மீ.க்கு மட்டும்தான் முழு மாடல் வைத்திருந்தோம். புது ஆர்டர் 222 அங்குலம், 5639 மி.மீ. வித்தியாசம் 305 மி.மீ. தானே, சேசியில் அந்த ஒரு எண்ணை மாற்றினால் கூண்டு கூடவே நீளும் என்று நம்பி மாற்றினேன். ரீஜெனரேட் கொடுத்து மாடலை மறுகணக்கிட வைத்தவுடன், பாகங்களின் பட்டியலான மாடல் ட்ரீயில் பாதி பிழை காட்டிச் சிவப்பாகிவிட்டது. பின் சக்கரம் நகர்ந்தது, ஆனால் தரையில் வீல் ஆர்ச்சுக்காக வெட்டிய இடம் பழைய இடத்திலேயே நின்றது. இரண்டு பில்லர்கள் (ஜன்னல்களுக்கு இடையே நிற்கும் தூண்கள்) நேராகச் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தன. ஜன்னலுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் வேய்ஸ்ட் ரெயில் காணாமலே போய்விட்டது.

எந்தப் பாகம் எதைப் பிடித்து அளவெடுத்திருக்கிறது என்று காட்டும் ரெஃபரன்ஸ் வியூவரில் ஒவ்வொன்றாகத் துழாவினேன். வீல் ஆர்ச் வெட்டு, சீட்டுக்கால் துளையைப் பிடித்திருக்கிறது. சீட்டு, நாலாவது பில்லரின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. பில்லர் வேய்ஸ்ட் ரெயிலை, வேய்ஸ்ட் ரெயில் பின் பிரேமை, பின் பிரேம் தரைப் பலகையை. தரைப் பலகையின் நீளம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கடைசி வரிசை சீட்டிலிருந்து! யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அவரவர் வரைகிற நேரத்தில் திரையில் எது பக்கத்தில் தெரிந்ததோ அதைச் சொடுக்கியிருக்கிறோம்.

3 நாள் சரிசெய்யப் பார்த்து முடியாமல், மாடலைக் கைவிட்டு 222க்குத் தனியாக ஒன்று கட்டினோம். இப்போது இரண்டு மாடல், இரண்டிலும் அதே நோய். முக்கிய அளவுகளை மட்டும் தாங்கும் ஸ்கெலிட்டன் மாடலை முதலில் வைத்து, அதிலிருந்து பாகங்களை மேலிருந்து கீழாகச் செய்தால் இது வராது என்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது ஏற்குமா? அதற்குள் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது?

---

அச்சுக்கோடு எழுதியது:

தம்பி, நோயை நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கூண்டின் நீளத்தைக் கடைசி சீட்டு முடிவு செய்துகொண்டிருக்கிறது. அந்த முடிவை எடுக்கச் சீட்டுக்கு என்ன உரிமை? ஸ்கெலிட்டன் என்பதன் வேலையே இதுதான். ஒரு வண்டியின் முக்கியமான முடிவுகள் எல்லாவற்றையும் பாகங்களிடமிருந்து பிடுங்கி ஒரே இடத்தில் வைப்பது. பாகங்கள் அதைப் பார்த்து நடக்கும், ஒன்றையொன்று பார்க்காது.

உங்கள் வண்டிக்கு நான் வைக்கும் ஸ்கெலிட்டனில் திடப்பொருள் ஒன்றுகூட இருக்காது. தளங்கள், அச்சுகள், சில கோடுகள், சில பரப்புகள், கோர்டினேட் சிஸ்டம். அவ்வளவுதான்.

முதலில் முன் அச்சின் மையம். நீளவாக்கில் எல்லா அளவும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். பிறகு சேசி ரெயிலின் மேல்மட்டம். உயரவாக்கில் அதுதான் அடிப்படை. பலர் தரையை, அதாவது சாலையை, அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், டயர் மாறினால் உயரம் மாறும். சாலை மட்டத்தைச் சேசி மேல்மட்டத்திலிருந்து கீழே இரண்டு தளங்களாக வையுங்கள்: வெற்று வண்டிக்கு ஒன்று, பாரம் ஏற்றிய வண்டிக்கு ஒன்று. முதல் படியின் உயரம் வெற்று வண்டித் தளத்திலிருந்து அளக்கப்படும். பாரத்தில் டிக்கிக் கதவு எவ்வளவு தாழும் என்பதை இன்னொன்று காட்டும்.

அப்புறம் பின் அச்சு, அது வீல்பேஸ் பாராமீட்டரைக் கேட்கும். கூண்டின் முன் முனை, பின் முனை. தரை மட்டம், வேய்ஸ்ட் ரெயில் கோடு, ஜன்னலுக்கு மேலே கூரை தொடங்கும் இடத்தில் ஓடும் கேன்ட் ரெயிலின் கோடு, கூரையின் வளைவு. பக்கத் தகட்டின் வெளிப்புறப் பரப்பு. பில்லர் மையக்கோடுகள். சக்கரம் ஏறி இறங்கும் இடத்தையும் சேர்த்து வீல் ஆர்ச்சுக்கான இடம். கதவு, அவசர வழி ஆகியவற்றின் திறப்பு.

குழாயின் தடிமன், வெல்டிங் வெட்டு, துளை, மூலை வளைவு எதுவும் உள்ளே வரக் கூடாது. வெளித்தகட்டுப் பரப்பை ஸ்கெலிட்டன் கொடுக்கும், குழாய் அங்கிருந்து உள்பக்கமாக எவ்வளவு தடிமனோ அவ்வளவு வளரட்டும். நாளைக்குக் குழாயின் அளவை மாற்றினால் வண்டியின் வெளி அகலம் மாறாது.

---

பம்ப்_கோவை எழுதியது:

எதிர்க்கருத்து ஒன்று. நான் ஸ்கெலிட்டனால் அடிபட்டவன், அதனால் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரிய இயந்திரத்துக்கு ஸ்கெலிட்டன் போட்டார்கள். முதல் மாதம் அழகாக இருந்தது. பிறகு யாருக்கு எது தேவைப்பட்டாலும் "ஸ்கெலிட்டனில் ஒரு கோடு போட்டுவிடு" என்றார்கள். ஆறு மாதத்தில் கோடு, தளம் என்று 600 ஃபீச்சருக்கு மேல். ஒருவர் அதைச் செக்-அவுட் செய்து, அதாவது திருத்துவதற்காகத் தன் பெயரில் பூட்டி, வைத்திருந்தால் மற்ற எட்டுப் பேரும் காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் சின்னக் கோணத்தை மாற்றினால் சம்பந்தமே இல்லாத பாகத்தின் டிராயிங் மாறியது. அது தெரியாமல் பழைய அச்சுப்பிரதியை வைத்து வெட்டிய தகடு வீணானது.

பம்ப்பில் நாங்கள் இன்றுவரை கீழிருந்து மேலாகத்தான். இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட், பேரிங். பேரிங் வாங்குகிற பொருள், மோட்டார் வாங்குகிற பொருள். அளவுகள் அங்கேயே நிலைத்துவிட்டன. கூட்டிப் பொருத்தினால் போதும். எல்லாவற்றுக்கும் ஸ்கெலிட்டன் என்று கிளம்ப வேண்டாம்.

---

அச்சுக்கோடு எழுதியது:

பம்ப் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். வாங்குகிற பாகங்கள் அளவை நிர்ணயிக்கும் இடத்தில் ஸ்கெலிட்டனுக்கு வேலை குறைவு. கூண்டு அப்படியல்ல. சேசி மட்டும்தான் கைக்கு வருகிறது, மீதி எல்லாம் அதன்மேல் நாம் முடிவு செய்வது. அதோடு ஒரே குடும்பத்து வண்டி மறுபடி மறுபடி நீள அகலம் மாறி வருகிறது. ஸ்கெலிட்டனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

600 ஃபீச்சர் கதை நானும் பார்த்ததுதான். அங்கே தவறியது அடுக்கு. ஒரே கோப்பில் எல்லாவற்றையும் கொட்டினால் அப்படித்தான் ஆகும். தலைமை ஸ்கெலிட்டன் ஒன்று, அதில் நான் மேலே சொன்னவை மட்டும். அதன் கீழே பக்கச்சுவர், கூரை, தரை, முன்முகம், பின்முகம் ஒவ்வொன்றுக்கும் தனித் துணை ஸ்கெலிட்டன். துணை தன் தலைமையிடமிருந்து மட்டும் எடுக்கும். பக்கச்சுவர் ஒருநாளும் கூரையிடம் எதையும் கேட்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றால், ஏசி டக்ட் பில்லரிலிருந்து கூரைக்கு ஏறும் இடத்தைப் போல, அந்த முடிவு தலைமை ஸ்கெலிட்டனுக்கு ஏறிப் போய் அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கட்டும்.

க்ரியோவில் இதற்குப் பூட்டும் இருக்கிறது. ரெஃபரன்ஸ் கன்ட்ரோலில் வெளி ரெஃபரன்ஸை ஸ்கெலிட்டன் மாடலுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். பிறகு அவசரத்தில் யார் பக்கத்துப் பாகத்தின் ஓரத்தைச் சொடுக்கினாலும் அது ஏற்காது.

---

கரூர்க்கூண்டு எழுதியது:

அந்தப் பூட்டைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன், நன்றி அண்ணே. ஸ்கெலிட்டனிலிருந்து பாகத்துக்கு எடுப்பதை எப்படிச் செய்வது நல்லது? அசெம்பிளிக்குள் நின்று பாகத்தை ஆக்டிவேட் செய்து கோட்டை நேராகப் பிடிக்கலாமா?

---

அச்சுக்கோடு எழுதியது:

வேண்டாம். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் பிறகு வருந்த வேண்டியிருக்கும்.

ஸ்கெலிட்டனில் பப்ளிஷ் ஜியாமெட்ரி ஒன்று உருவாக்குங்கள். "பக்கச்சுவருக்கு" என்று பெயர் வைத்து, அந்தக் குழுவுக்குத் தேவையான தளம், கோடு, பரப்பு மட்டும் அதில். பக்கச்சுவர்ப் பாகம் எக்ஸ்டர்னல் காப்பி ஜியாமெட்ரி மூலம் அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் எடுக்கட்டும். இதனால் இரண்டு லாபம். பாகத்தைத் திறக்கும்போது முழு வண்டியும் நினைவகத்துக்கு வர வேண்டியதில்லை, ஸ்கெலிட்டன் இருந்தால் போதும். இன்னொன்று, ஸ்கெலிட்டனுக்குள் ஒரு கோட்டை அழித்து வேறு மாதிரி வரைய நேர்ந்தால், பப்ளிஷ் ஜியாமெட்ரியில் மட்டும் பழையதற்குப் பதில் புதியதைக் காட்டினால் போதும். கீழே தொங்கும் 40 பாகங்களையும் திறந்து திருத்தத் தேவையில்லை.

பம்ப்_கோவை சொன்ன தகடு வீணான விஷயத்துக்கும் இங்கே வழி உண்டு. காப்பி ஜியாமெட்ரியைத் தானாகப் புதுப்பிக்காமல் கையால் புதுப்பிக்கும்படி வைக்கலாம். பட்டறைக்கு டிராயிங் போய்விட்ட பாகத்தை அப்படி நிறுத்திவிட்டால், மேலே யார் எதை மாற்றினாலும் அது தெரியாமல் நகராது.

---

சாலிட்_சேலம் எழுதியது:

சாலிட்வொர்க்ஸ் வைத்திருப்பவர்களுக்காக. ஸ்கெலிட்டன் என்று தனிக் கட்டளை எங்களுக்குக் கிடையாது, ஆனால் வேலை நடக்கும். ஸ்கெட்ச், பிளேன், சர்ஃபேஸ் மட்டும் உள்ள ஒரு சாதாரண பார்ட்டை ஸ்கெலிட்டனாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் இன்சர்ட் பார்ட் கொடுத்து அதை முதல் ஃபீச்சராக இழுத்துக்கொள்ளலாம். அசெம்பிளியில் பாகங்களை ஒரிஜினோடு ஒரிஜின் வைத்தால் பாகத்தோடு பாகத்தைப் பொருத்தும் மேட் ஒன்றுகூடத் தேவையில்லை. அசெம்பிளியில் அந்த பார்ட்டுக்கு மட்டும் பிஓஎம்மிலிருந்து (பாகப் பட்டியலிலிருந்து) விலக்கு கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கொள்முதல் பட்டியலில் "ஸ்கெலிட்டன் 1 எண்ணம்" என்று வந்து நிற்கும்.

வெளி இணைப்பு உள்ள பாகத்தின் பெயருக்கு அடுத்து ஒரு அம்புக்குறி தெரியும். அந்த அம்புக்குறி பக்கத்தில் கேள்விக்குறி வந்தால் அந்த இணைப்பின் மூலக் கோப்பு திறந்திருக்கவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். அம்புக்குறி பக்கத்தில் எக்ஸ் வந்தால்தான் இணைப்பை யாரோ முறித்திருக்கிறார்கள்.

---

கேட்டியா_ஓசூர் எழுதியது:

கேட்டியாவில் இருப்பவர்கள் பப்ளிகேஷன் இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள். ஆப்ஷனில் "பப்ளிஷ் செய்தவற்றுக்கு மட்டும் இணைப்பு" என்ற தேர்வு உண்டு, வேலை ஆரம்பிக்கிற அன்றே எல்லோர் கணினியிலும் போட்டுவிடுங்கள். பாதியில் போட்டால் பயனில்லை. என்எக்ஸில் இதே வேலைக்கு வேவ் ஜியாமெட்ரி லிங்கர். ஃப்ரீகேட் வைத்திருப்பவர்கள் சப்ஷேப் பைண்டர் மூலம் மாஸ்டர் ஸ்கெட்ச்சை எடுக்கலாம், ஆனால் 2024 நவம்பரில் வந்த 1.0 அல்லது அதற்குப் பிந்தையதில் செய்யுங்கள். அதற்கு முந்தையதில் முகங்களின் பெயர் மாறி இணைப்பு அறுந்துபோகும் தொல்லை மிக அதிகம்.

---

கரூர்க்கூண்டு எழுதியது:

இரண்டு நாளாகக் காகிதத்தில் மட்டும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பில்லர்கள்.

கூண்டின் பக்கவாட்டு நீளத்தை ஜன்னல் எண்ணிக்கையால் சமமாக வகுத்து ஸ்கெலிட்டனில் பேட்டர்ன் போட்டேன். வீல்பேஸ் மாற்றினால் அழகாக எல்லா ஜன்னலும் சமமாக விரிகிறது. ஆனால் ஜன்னல் பிரேம் எங்களுக்கு வெளியிலிருந்து இரண்டு அளவில்தான் வரும். பில்லர் மையத்திலிருந்து மையம் வரை 1200க்கு ஒன்று, 1350க்கு ஒன்று. சமமாக வகுத்தால் 1265 என்று வருகிறது. அந்த அளவில் கண்ணாடி கிடைக்காது.

---

அச்சுக்கோடு எழுதியது:

நல்ல இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பேட்டர்னைத் தூக்கிவிடுங்கள். ஜன்னல் பிரேம் வாங்குகிற பொருள் என்றால் அதன் அளவு ஸ்கெலிட்டனுக்கு உள்ளே வரும் தகவல், அங்கிருந்து வெளியே போகும் தகவல் அல்ல. ஒவ்வொரு பே அகலத்தையும் (இரண்டு பில்லருக்கு இடையிலான அகலத்தையும்) தனிப் பாராமீட்டராக வையுங்கள், 1200 அல்லது 1350 தவிர வேறு மதிப்பு வந்தால் எச்சரிக்கும்படி ரிலேஷன் எழுதுங்கள். மிச்சம் வரும் சில மில்லிமீட்டரைப் பின்மூலைத் தகடு வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் 222க்குப் போட்டுப் பார்ப்போம். வீல்பேஸ் கூடுவது 305. பின் ஓவர்ஹேங், அதாவது பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், எவ்வளவு கூட்டுகிறீர்கள்?

---

கரூர்க்கூண்டு எழுதியது:

பழைய வண்டியில் பின் ஓவர்ஹேங் 3200. புதியதில் ஒரு வரிசை சீட்டு கூடுதலாகக் கேட்கிறார்கள், 150 கூட்டலாம் என்று இருக்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 படி ஓவர்ஹேங் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5639க்கு 3383 வரை போகலாம். 3350 அதற்குள் அடங்கும்.

---

அச்சுக்கோடு எழுதியது:

அப்படியென்றால் முன் அச்சுக்குப் பின்னால் மொத்தம் கூடுவது 305ம் 150ம் சேர்ந்து 455. மூன்று பேக்களை 1200லிருந்து 1350 ஆக்கினால் 450 போய்விடும். மிச்சம் 5 மி.மீ., அது பின்மூலைக்கு.

எந்த மூன்று என்பதுதான் முக்கியம். பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டையும், பின்னால் இருக்கும் ஒன்றையும் மாற்றுங்கள். முன்னால் இரண்டு மாறினால் சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் பில்லர்கள் 300 பின்னால் போகும். சக்கரம் 305 போகிறது. வீல் ஆர்ச்சுக்கும் பில்லருக்கும் இடையில் நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்த இடைவெளி 5 மி.மீ. மட்டும்தான் மாறும். மூன்றையும் சக்கரத்துக்குப் பின்னால் மாற்றியிருந்தால் பில்லர் சக்கரத்தின் மேல் ஏறியிருக்கும். போன மாதம் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

60 சதவீதத்தைப் பற்றியும் ஒன்று. ஓவர்ஹேங்கை "0.6 பெருக்கல் வீல்பேஸ்" என்று சூத்திரமாக எழுதிவிடாதீர்கள். அது உச்சவரம்பு, இலக்கு அல்ல. ஓவர்ஹேங்கை நீங்கள் எண்ணாகக் கொடுங்கள், வரம்பைத் தாண்டினால் மாடல் சொல்லட்டும். பஸ் கூண்டுக்கான ஏஐஎஸ்-052 தரநிலையில் வரும் அளவுகளுக்கும் இதே முறைதான் நல்லது.

---

பம்ப்_கோவை எழுதியது:

இந்தக் கணக்கைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நான் வேலை செய்த இடத்தில் ஒருவரும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் இப்படி உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. கோடு போட்டபடியே யோசித்தார்கள். ஸ்கெலிட்டனின் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கே போக வேண்டியது.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தலைமை ஸ்கெலிட்டனை யார் மாற்றலாம்?

---

சாலிட்_சேலம் எழுதியது:

எங்களிடம் ஒரே ஒருவர். மற்றவர்கள் கேட்கலாம், தொடக் கூடாது. அவர் விடுப்பில் போனால் இன்னொருவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுதுகிறோம்: எந்த எண், எதிலிருந்து எதற்கு, யார் கேட்டது, எந்தெந்தக் குழுவைத் தொடும். அந்த நோட்டு இல்லாத காலத்தில் வேய்ஸ்ட் ரெயில் கோடு 20 மி.மீ. ஏன் ஏறியது என்று தெரியாமல் ஒரு வாரம் தேடியிருக்கிறோம்.

---

கரூர்க்கூண்டு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பதில் சொன்ன எல்லோருக்கும் மனதார நன்றி. நடந்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

தலைமை ஸ்கெலிட்டன் 71 ஃபீச்சரில் நின்றது. துணை ஸ்கெலிட்டன் ஐந்து. பழைய பாகங்களை மாற்றி எடுப்பதைவிடப் புதிதாக வரைவதே சீக்கிரம் முடிந்தது. பக்கச்சுவரும் தரையும் முழுக்கப் புதிது. சீட்டு, ஹேட்ராக் (தலைக்கு மேல் சாமான் வைக்கும் தட்டு), விளக்குகளை முன்போலவே கூட்டிப் பொருத்தினோம், ஆனால் ஸ்கெலிட்டனின் கோர்டினேட் சிஸ்டத்தில்.

நேற்று 222லிருந்து 210க்கு மாற்றிப் பார்த்தேன். வீல்பேஸ், ஓவர்ஹேங், மூன்று பே, மொத்தம் 5 எண். கை நடுங்கிக்கொண்டேதான் ரீஜெனரேட் கொடுத்தேன். இரண்டே இடத்தில் சிவப்பு. இரண்டும் ஒரே காரணம்: நடுவில் நான் கூரை வளைவு ஸ்கெட்ச்சில் ஒரு ஆர்க்கை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருக்கிறேன். ஸ்கெட்ச்சரில் ரீப்ளேஸ் கொடுத்துப் பழைய கோட்டின் இடத்தில் புதியதை உட்கார வைத்திருந்தால் அதுவும் வந்திருக்காது. சரிசெய்ய 20 நிமிடம் ஆனது. போன தடவை 3 நாள் போயும் ஆகவில்லை.

பட்டறையில் 40 வருட அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் திரையில் ஸ்கெலிட்டனை மட்டும் பார்த்துவிட்டு, "நாங்க ஷெட்டுத் தரையில சாக்பீஸ்ல போடுற கோடுதானே இது" என்றார். ஆமாம் என்றேன். சேசி வந்து நின்றதும் முன் அச்சிலிருந்து டேப் பிடித்து, பில்லர் நிற்கும் இடத்தையெல்லாம் முதலில் தரையில் குறித்துக்கொள்வாராம். அதற்குப் பிறகுதான் குழாயை வெட்டுவாராம்.

ஒன்று மட்டும் பாக்கி. முன் கதவு இரண்டு மடிப்பாக உள்ளே மடியும் கதவு. திறக்கும்போது மடிப்பு முனை படியின் கைப்பிடியில் உரசுகிறது. கதவையும் கைப்பிடியையும் ஒன்றுக்கொன்று பார்க்காமல் எப்படித் தீர்ப்பது?

---

அச்சுக்கோடு எழுதியது:

மிக்க மகிழ்ச்சி தம்பி. அந்தப் பெரியவரிடம் இன்னும் நிறையக் கேட்டு எழுதி வையுங்கள்.

கதவுக்கு மோஷன் ஸ்கெலிட்டன், அதாவது அசைந்து காட்டும் ஸ்கெலிட்டன், போடுங்கள். இரண்டு மடிப்பும் இரண்டு கோடு, தூணில் ஒரு பின் மூட்டு, நடுவில் ஒரு பின் மூட்டு, மேல் ரெயிலில் ஓடும் உருளைக்கு ஒரு ஸ்லாட். கோடுகளாக இருக்கும்போதே திறந்து மூடிப் பாருங்கள். மடிப்பு முனை போகும் பாதையை ஒரு வளைவாகப் பதிவு செய்யுங்கள். அந்த வளைவுக்கு வெளியே நீங்கள் விட விரும்பும் இடைவெளியைத் தள்ளி ஒரு பரப்பு வரைந்து, "கதவு வீச்சு" என்று தலைமை ஸ்கெலிட்டனில் வைத்துப் பப்ளிஷ் செய்யுங்கள். கைப்பிடி வரைபவர் அந்தப் பரப்பைத் தாண்டக் கூடாது, கதவு வரைபவரும் தாண்டக் கூடாது. வீச்சுக்கு இடம் போதவில்லை என்றால் படியின் அகலத்தை மாற்றுவதா, கதவு மடிப்பின் விகிதத்தை மாற்றுவதா என்று இருவரும் உங்களிடம் வருவார்கள்.

---

கரூர்க்கூண்டு எழுதியது:

மடிப்பு இரண்டும் சமமாக இருந்தது. முன் மடிப்பை 40 மி.மீ. குறைத்து, பின் மடிப்பில் அதைக் கூட்டினேன். வீச்சு கைப்பிடியை விட்டு விலகிவிட்டது. நாளைக் காலை குழாய் வெட்டக் கொடுக்கிறோம்.